மலையேறும் வண்டிக்கு மூச்சுத் திணறுவது ஏன்?

நம் சங்கத்துக் குடும்பங்களுள் மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு இன்று அரிது. தேனி, கம்பம், போடி, உடுமலை, பொள்ளாச்சிப் பக்கங்களிலிருந்து பிழைப்பை நாடிக் கேரள எல்லைக்குள் வந்து குடியேறியவர்களின் வழியினராகிய நமக்கு அது ஆடம்பரப் பொருளன்று. ஏலத் தோட்டத்துக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் கொண்டு விடுவதும், சொந்த ஊரில் தாய்க்கு உடல்நலம் இல்லை என்ற செய்தி வந்தால் இரவோடிரவாக மலையிறங்குவதும் அதன்மேல்தான். இடுக்கி மாவட்டத்தில் ரயில் இல்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய சிறு ரயில் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அழிந்தது, மீண்டும் போடப்படவில்லை. அந்நாளில் டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கின. இந்நாளில் அந்த மலைத்தொடரின் சரிவுகளில் நாமும் நம் மனைவி மக்களும் இரண்டு சக்கரங்களை நம்பி ஏறி இறங்குகிறோம்.

அந்த வண்டியைப் பற்றி நம் அன்பர்கள் பெரும்பாலும் கூறும் குறைகள் இரண்டு. கையைத் திருப்பாமலே எஞ்சினின் ஓசை உயர்ந்தும் தாழ்ந்தும் அலைவது ஒன்று. வேகத்தைக் குறைத்தவுடன் விக்கி நின்றுவிடுவது மற்றொன்று. சமவெளியில் இவை வெறும் தொல்லை. மலைப்பாதையில் உயிருக்கே உலை வைப்பவை. ஆகவே இவை ஏன் நேர்கின்றன, எந்த முறையில் இவற்றைத் தீர்ப்பது என்பதை ஈண்டுச் சற்று விரிவாகக் காண்போம்.

நமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் பொங்கலுக்குச் சொந்த ஊர் சென்று, துணைவியாரும் ஏழு வயது மகளும் பின்னிருக்கத் திரும்பிக்கொண்டிருந்தோம். வண்டி பழைய கார்புரேட்டர் வண்டி. சில நாள்களாகவே நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. ஊரில் ஒரு பட்டறையில் காட்டினோம். அவர் ஒரு திருப்புளியை எடுத்து, ஐட்லிங் திருகை இரண்டு சுற்று ஏற்றிவைத்து, "இனி நிற்காது, போய் வாருங்கள்" என்றார். ஓசை உரக்கக் கேட்டது. நாமும் மகிழ்ச்சியோடு புறப்பட்டோம்.

போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. பாதி மலை ஏறியதும் ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. வேகத்தைக் குறைத்து முதல் கியருக்கு மாற்றினோம். வண்டி இரண்டு முறை விக்கியது, நின்றது, பின்னோக்கி உருளத் தொடங்கியது. பிரேக்கை இறுகப் பிடித்தும் சரளையில் சக்கரம் வழுக்கிற்று. துணைவியார் இரு காலையும் தரையில் ஊன்றி மகளை அணைத்துக்கொண்டார். பஸ் ஓட்டுநர் நல்லவர். வளைவுக்கு மேலேயே நிறுத்திவிட்டார். மீண்டும் கிளப்பியபோது, கையைத் திருப்பாமலே எஞ்சின் உறுமி எகிறியது. வளைவின் ஓரத்தில் தடுப்புச் சுவர் இருந்தது. ஆனாலும் அதன் உயரம் நம் முழங்கால் அளவுதான் என்பதை அன்றுதான் கவனித்தோம்.

ஒருவாறு மலையேறி, பூப்பாறையில் தமிழ் மெக்கானிக் ஒருவரிடம் வண்டியை விட்டோம். முதியவர். நாமே திருகைக் குறைத்துவிடலாம் என்று கையை நீட்டியபோது, "தம்பி, திருப்புளியைக் கீழே வையுங்கள். முதலில் வண்டி என்ன சொல்கிறது என்று கேட்போம்" என்றார். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடி வரையிலும் வலக்கோடி வரையிலும் திருப்பினார், ஓசை மாறவில்லை. பிறகு ஒரு குவளையில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயின்மேல் விரலால் தெளித்தார். உடனே ஓசை மாறிற்று.

"ரப்பர் வெடித்திருக்கிறது. அந்த வெடிப்பு வழியாகக் காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. திருகு என்ன செய்யும், பாவம்?" என்றார்.

"ஊரில் காட்டினேன், அண்ணே. ஐட்லிங்கை ஏற்றிவைத்தார்கள்."

"காய்ச்சல் கண்ட பிள்ளைக்குப் போர்வை போர்த்தி அனுப்பியிருக்கிறார்கள், தம்பி."

புதிய ரப்பர் போடுவதற்கு, டேங்கை ஒரு முறை நிரப்பும் செலவில் பாதிகூட ஆகவில்லை.

காற்றும் பெட்ரோலும்

இதன் உட்பொருளை அறிய, கார்புரேட்டர் செய்யும் வேலையை அறிதல் வேண்டும். காற்று ஒரு குறுகலான வழியில் செல்லும்போது வேகம் மிகும். வேகம் மிகுந்த இடத்தில் அழுத்தம் குறையும். வெஞ்சூரி என்னும் இத்தாலிய அறிஞர் 1797-இல் எழுதிய உண்மை இது. அழுத்தம் குறைந்த இடத்துக்குச் சிறு துளை வழியே பெட்ரோல் தானே ஏறிவந்து, பனித்துளிபோல் காற்றில் கலக்கிறது. இத்தகைய கருவியை 1893-ஆம் ஆண்டளவில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்னும் இருவரும், ஜெர்மனியில் மேபாக் என்பவரும் தனித்தனியே உருவாக்கினர். 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு நிறுவனத்தின் புல்லட் முதல், 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 வரை, நம் சாலைகளில் ஓடிய வண்டிகள் யாவும் இந்த முறையிலேயே மூச்சுவிட்டன.

1 கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று மிகுந்தால் கலவை வறண்டதாகும். அப்போது சில சுற்றுகளில் எரிந்தும், சில சுற்றுகளில் எரியாமலும் ஓசை அலையும், எஞ்சின் சூடேறும். பெட்ரோல் மிகுந்தால் கலவை செறிந்ததாகும். அப்போது கரும்புகை, பெட்ரோல் வாடை, மந்தமான இழுவை, குறைந்த வேகத்தில் அடைத்து நிற்றல் ஆகியவை தோன்றும். அலைவதற்கு வறட்சியையும், புகைந்து அடைத்து நிற்பதற்குச் செறிவையும் முதலில் ஐயுறுவது முறை. ஆயினும் மிக வறண்ட கலவையாலும் வண்டி நிற்கும். நம் வண்டி நின்றது அப்படித்தான்.

எந்த நிலையில் குறை தோன்றுகிறது என்பதும் ஒரு தடயம். கைப்பிடியைத் திருப்பாமலும் சிறிதளவே திருப்பியும் ஓடும்போது பெட்ரோலை அளப்பது பைலட் ஜெட் என்னும் நுண்துளை. கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை அளப்பது ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட். ஐட்லிங்கில் மட்டும் வண்டி நிற்குமாயின், மெயின் ஜெட்டை மாற்றுவது தலைவலிக்குக் காலில் பற்றுப் போடுவதை ஒக்கும்.

மலையும் கணவாயும்

நம் மக்கள் வாழும் எல்லைப்புறம் இருவேறு இயல்புடையது. இடுக்கிப் பக்கம் உயரம். பாலக்காட்டுப் பக்கம் கணவாய்.

போடி ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்தில் உள்ளது. போடிமெட்டு ஏறத்தாழ 1,400 மீட்டர். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் ஒரு கிலோமீட்டர் உயரம் ஏறுகிறோம். உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டால், 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 14 சதவீதம் குறைவு. மலையின் குளிர் இதில் ஒரு பகுதியை ஈடுசெய்யும், முழுவதையும் செய்யாது. காற்று குறையும் அளவுக்குப் பெட்ரோலைக் குறைக்கும் அறிவு கார்புரேட்டருக்கு இல்லை. ஆதலால் மலைமேல் கலவை செறிகிறது, வலுவும் குறைகிறது, ஐட்லிங் தாழ்கிறது. போடியில் சரியாக வைத்த ஐட்லிங் மூணாற்றில் நிற்கும்; மூணாற்றில் ஏற்றிவைத்தது போடிக்கு இறங்கியதும் உறுமும். இரண்டும் வண்டியின் குற்றமல்ல.

பாலக்காட்டுக் கதை வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்த இடைவெளி அக்கணவாய். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கங்களில் உயரம் ஒரு பொருட்டன்று. காற்றும் புழுதியும் வெயிலுமே அங்கே பொருட்டு. கோடையில் 40 டிகிரியைத் தொடும் வெயில். கணவாய் வழியே ஓயாது வீசும் காற்று கொணரும் தூசி. ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டால் காற்று குறைந்து கலவை செறியும். பல நாள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, எஞ்சிய பிசின் பைலட் ஜெட்டை அடைத்தால் கலவை வறளும். ஒரே ஊரில், ஒரே வகை வண்டியில், நேர்மாறான இரு காரணங்கள்! பக்கத்து வீட்டுக்காரர் செய்த வைத்தியத்தை நம் வண்டிக்கும் செய்யலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. நென்மாறையிலிருந்து நெல்லியாம்பதித் தோட்டங்களுக்கு ஏறுவோரோ கணவாயின் தூசியையும் மலையின் உயரத்தையும் ஒரே நாளில் காண்கின்றனர்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இக்காலத்தில் மூன்றாவது ஒன்றும் சேர்ந்துள்ளது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் தொடங்கி, 2025-க்குள் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் எரிய அதன் எடையைப்போல் 9 மடங்கு காற்றே போதும். எனவே இக்கலவைக்கு வேண்டிய காற்று 14.7 மடங்கிலிருந்து ஏறத்தாழ 13.5 மடங்காகக் குறைகிறது. வெறும் பெட்ரோலுக்காக அமைத்த பழைய கார்புரேட்டர், காற்றை முன்போலவே விடுவதால், கலவை ஏறத்தாழ 8 சதவீதம் வறளுகிறது. உயரம் செறியச் செய்வதை எத்தனால் வறளச் செய்கிறது. எனவே பழைய வண்டி மலைமேல் ஒழுங்காக ஓடி, சமவெளிக்கு இறங்கியதும் அலைவது உண்டு. "மலையில் நன்றாக ஓடியதே, ஊருக்கு வந்ததும் என்ன வந்தது?" என்று வியக்கும் அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. இடுக்கியின் மழையிலும் மூடுபனியிலும் பாதி டேங்க் பெட்ரோலோடு வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்தால், நீர் சேர்ந்து அடியில் தனியே படியலாம். பழைய ரப்பர் உறுப்புகள் ஊதியும் வெடித்தும் போகலாம். ஊருக்கு நெடுநாள் செல்வோர், வண்டியை நிறுத்துமுன் பெட்ரோல் காக்கை மூடி, கார்புரேட்டரில் உள்ளது தீரும்வரை ஓடவிட்டு நிறுத்துவது நன்று.

தேடும் வரிசை

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு வகுத்த முறை மெக்கானிக்குக்கும் பொருந்தும். முதலில் நோய் இன்னதென்று தெளிய வேண்டும். பின் அதன் வேரைக் காணவேண்டும். அதன் பின்னரே மருந்து. திருப்புளி என்பது மருந்து. அது கடைசியில் வரவேண்டியது. வீட்டிலேயே செய்யத்தக்க வரிசை வருமாறு:

முதலாவது, பெட்ரோல். வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, பின் வண்டி ஒழுங்காக ஓடுமாயின், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. சற்று நேரம் ஓடி நிற்பதும், ஆறியபின் ஓடுவதுமான பல வண்டிகளின் மர்மம் இந்தத் துளையே.

இரண்டாவது, ஆக்ஸிலரேட்டர் வயர். நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இருபுறமும் கோடிவரை திருப்புங்கள். ஓசை உயர்ந்தால் வயர் எங்கோ இழுபடுகிறது. கொண்டை ஊசி வளைவில் ஹேண்டில் முழுதும் திரும்பும் அக்கணத்தில்தான் அந்த வண்டி எகிறும். கைப்பிடியை விட்டதும் அது தானே திரும்பி அடிக்கவேண்டும்; சோம்பித் திரும்பினால் வயரை மாற்றுக.

மூன்றாவது, காற்று. ஏர் ஃபில்டரைத் திறந்து தூசி பாருங்கள். பின் ரப்பர்க் குழாய், அதன் வளையம், வேக்யூம் குழாய்கள் ஆகியவற்றில் வெடிப்பைத் தேடுங்கள். சிலர் இச்சோதனைக்குப் பெட்ரோல் தெளிப்பர். சூடான எஞ்சினில் அது தீயை அழைப்பதாகும். சிறிது தண்ணீரே போதும்.

நான்காவது, பொறி. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் செறிவு, வெளுத்திருந்தால் வறட்சி, இளம் பழுப்பு நலம். பிளக்கின் மூடி மழையில் நனைந்து மின்சாரம் கசிவதும் உண்டு. சூடேறியபின் மட்டும் வண்டி நிற்குமானால், வால்வு இடைவெளியைப் பட்டறையில் எஞ்சின் ஆறிய நிலையில் பார்க்கச் சொல்லுக.

ஐந்தாவது, கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தல். ஜெட்டுகளைக் காற்றழுத்தத்தால் ஊதவேண்டுமே அன்றிக் கம்பியால் குத்தலாகாது. துளை பெரிதானால் அளவே கெட்டுவிடும்.

இவை அனைத்தும் நலம் எனக் கண்டபின்னரே டியூனிங். எஞ்சின் நன்கு சூடேறியிருக்கவேண்டும். கலவைத் திருகு இப்போதிருக்கும் இடத்தை முதலில் குறித்துக்கொள்க: மெல்ல உள்ளே திருகி எத்தனை சுற்று என எண்ணி, பழைய இடத்துக்கே கொணர்க. பின் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓசை மிக உயர்ந்து சீராக நிற்கும் இடத்தில் விடுக. அதன்பின் ஐட்லிங் திருகால், கையேட்டில் கண்ட வேகத்துக்குக் குறைக்க. பல சிறு வண்டிகளுக்கு அது நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்று. ஒன்று மறவாதீர்: ஏர் ஃபில்டர் பக்கம் உள்ள திருகு காற்றை அளப்பது, வெளியே திருகினால் வறளும். எஞ்சின் பக்கம் உள்ளது பெட்ரோலை அளப்பது. வெளியே திருகினால் செறியும். இது அறியாமல் நேர்மாறாகத் திருகியவர் பலர். மேலும், எந்த உயரத்தில் நாள்தோறும் ஓடுகிறதோ அந்த உயரத்திலேயே டியூனிங் செய்க. குமுளியில் வாழ்பவர் கம்பத்தில் செய்துகொண்டு வருவது, கீழூர்ப் பிள்ளைக்கு அளவெடுத்து மேலூர்ப் பிள்ளைக்குச் சட்டை தைப்பதாகும்.

புதிய வண்டிகள்

2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் பிடித்தது. ஏலமூட்டை சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கும் அது வந்துவிட்டது. அவற்றில் சென்சார்கள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து கூற, கணிப்பொறி பெட்ரோலை அளக்கிறது. ஆகவே உயரத்தால் வரும் தொல்லை அவற்றுக்கு மிகக் குறைவு. குறைந்த வலு மட்டும் எஞ்சும். அவை அலைந்தாலும் நின்றாலும், கரி படிந்த திராட்டில் பாடி, தளர்ந்த பாட்டரி, பெட்ரோல் பம்ப், சென்சார் இணைப்பில் ஈரம் ஆகியவற்றை ஐயுறுக. மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தால், கருவி கொண்டு படிக்கத் தெரிந்த பட்டறைக்கே செல்க. இவற்றில் திருப்புளிக்கு வேலை இல்லை.

வழியில் நேர்ந்தால்

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், முதலில் இரு பிரேக்கையும் பிடியுங்கள், கிளட்சை விடுங்கள். முதல் கியரில் நின்ற எஞ்சினே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னிருப்போரை மலைப்பக்கமாக இறக்கி, ஓரத்தில் நிறுத்தியபின் கிளப்புங்கள். எஞ்சின் தானே எகிறினால், கிளட்சைப் பிடித்துக் கில் சுவிட்ச்சை அணையுங்கள். வளைவை அடையுமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் குறைக்காதீர்.

பெட்ரோல் மிச்சம் என்று எண்ணி, இறக்கத்தில் எஞ்சினை அணைத்தோ நியூட்ரலிலோ இறங்குவோர் நம்மிடையே உள்ளனர். எஞ்சினின் பிடிப்பு இல்லாதபோது முழுச் சுமையும் பிரேக்கின்மேல் விழுந்து அது சூடேறித் தளரும். சாவி தவறித் திரும்பினால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளவும் கூடும். கியரில் இறங்கும் இன்ஜெக்‌ஷன் வண்டி அந்நேரம் பெட்ரோலை ஏறத்தாழ நிறுத்தியே விடுகிறது. அப்படியிருக்க, மிச்சம் ஏது?

போடிமெட்டில் அன்று நம்மைக் காத்தது நம் திறமையன்று. ஓர் ஓட்டுநரின் நிதானம். ஒவ்வொரு முறையும் அத்தகையவர் எதிரே வருவார் என எண்ணியிருக்க இயலாது. வரும் சித்திரைத் திருவிழாவுக்கு ஊர் செல்லும் அன்பர்கள், புறப்படும் நாளன்று அன்றி ஒரு வாரம் முன்னதாகவே இந்த வரிசையில் வண்டியைப் பார்த்துவிடுவார்களாக. மேலே கூறிய முதல் மூன்று சோதனைகளுக்கும் சேர்ந்து கால் மணி நேரம்கூட ஆகாது. பெரிய பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக் காட்டுங்கள். நாளை அந்த மலையில் வண்டி ஓட்டப்போகிறவர்கள் அவர்களே.